மாமா படுக்கை விரித்த ஓட்டல்

என் மாமியார் படுக்கை விரிப்பதைப் பார்த்தவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். விரிப்பை இரண்டு கையாலும் உதறி, அது காற்றில் எழும்பி இறங்குவதற்குள் தலைமாட்டுப் பக்கம் போய்விடுவார். கடித உறையை மடிப்பதுபோல மூலைகளை மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவார். பிறகு உள்ளங்கையால் ஒரே தடவல். அதற்கு மேல் அந்தப் படுக்கையில் உட்காரவே மனம் வராது. கல்யாணமாகி வந்த புதிதில், "யாரு மாமி இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். "உங்க மாமாதான். லீவுல வந்தா அவங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றார். சிரிப்பாகச் சொன்னாரா, குத்தலாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மாமா இருபத்திரண்டு வருஷம் மக்காவில் இருந்தவர். ஹரம் பள்ளிவாசலுக்கு வடக்கே ஒரு சந்தில், நான்கு மாடி ஓட்டலில் அறைகளைப் பெருக்கித் துடைத்து, ஹாஜிகளுக்குப் படுக்கை விரிக்கிற வேலை. காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அவர் 'மக்காவுல ஓட்டல் மேனேஜர்'. அந்தப் பட்டத்தை மாமா தானாகச் சொல்லிக்கொண்டதில்லை, மாமி மறுத்ததும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. மிச்சமெல்லாம் கடிதம், பிறகு போன். "உன்னை ஒரு தடவை இங்க கூட்டியாந்து, நான் விரிச்ச கட்டில்ல படுக்க வைக்கணும்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாராம். அந்த ஒரு தடவை வரவில்லை. உடம்பு கெட்டு ஊரோடு வந்தார். ஐந்து வருஷம் கட்டிலில் கிடந்து, மாமி விரித்த படுக்கையிலேயே கண்ணை மூடி மவுத்தானார்.

அதன் பிறகு என் கணவர் குவைத்திலிருந்து பல தடவை சொல்லிப் பார்த்தார். "உம்மா, மக்காவுக்கு உம்ரா போயிட்டு வாங்க. முட்டி இன்னும் கொஞ்சம் கெடுறதுக்குள்ள போயிடுங்க." மாமி பிடி கொடுக்கவில்லை. கூப்பிட வேண்டியவர் கூப்பிடவில்லை, இனி என்ன என்கிற மாதிரி பேச்சை மாற்றிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், அவராகவே ஆரம்பித்தார்.

"உங்க மாமா வேலை பார்த்த ஓட்டல் இன்னும் இருக்குதா?"

"தெரியலையே மாமி. ஏன்?"

"இருந்தா அதுல எடம் போடு. நான் வர்றேன்."

அரைப் பரீட்சை விடுமுறையோடு சில நாள் சேர்த்து லீவு எடுத்தால் நானும் கூடப் போகலாம். இப்போதெல்லாம் ஆண் துணையில்லாமலே பெண்கள் குழுவாகப் போகிறார்கள். மறுநாளே பயண ஏற்பாடு செய்கிறவரிடம் போய் மாமியின் பாஸ்போர்ட்டையும் என்னுடையதையும் கொடுத்துவிட்டேன். ஓட்டல் விஷயத்தை மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் நெடுங்காட்டில் கணக்கு டீச்சர். தூரத்தை எப்படியெல்லாம் அளக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் மக்காவில் ஓட்டல் தேடியபோதுதான், ஒரு தூரத்துக்குள் எத்தனை தூரம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. "எல்லாம் பக்கம்தான் டீச்சர். நடக்குற தூரம்" என்றார் ஏற்பாட்டுக்காரர்.

"யாரு நடக்குற தூரம்ங்க?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, பாப்போம்."

எனக்கு என்ன வேண்டும் என்பதை உம்ரா போய்வந்த பெண்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். படத்தில் பார்த்தால் ஹரத்தின் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கும், ஆனால் வாசலிலிருந்து மேடு என்றார் ஒருவர். ஓட்டல்காரர்கள் சொல்வது வெளி முற்றத்தின் ஓரம் வரைக்கும்தான், அங்கிருந்து கஅபாவைப் பார்க்க இன்னும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றார் இன்னொருவர். தொழுகை முடிந்தால் லிஃப்டுக்கு முன்னால் கந்தூரிக் கூட்டம் மாதிரி நிற்கும், கீழ் மாடியாகக் கேளு என்றார் மூன்றாமவர். வேன் விடுகிற ஓட்டல் மலிவு, ஆனால் வேன் ஏறும் படி முழங்கால் உயரம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அத்தனையும் எழுதிய பிறகும் மாமி கேட்ட ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

டி.ஆர். பட்டினத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மாமாவோடு அதே ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர். அவருக்குப் போன் செய்தேன்.

"அந்த ஓட்டலா? அது இடிச்சு எவ்வளவோ காலமாச்சேம்மா" என்றார். "ஹரத்தை விரிவாக்குனப்ப எங்க தெருவே போச்சு. இப்ப அங்க வெள்ளைக் கல்லு போட்ட முற்றம்தான். ஜனங்க தொழுவுறாங்க." அந்த இடம் முற்றத்தில் எந்தப் பக்கம், எதிரே எது தெரியும் என்று தனக்குத் தெரிந்தவரை சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மாமியிடம் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கி வைத்திருந்தார். மாமி சங்கராவைப் புரட்டிப் பார்த்தபடி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவங்க வேலை பார்த்த ஓட்டல்லதான் தங்கப் போறோம். மருமவ பாத்துக்கிட்டு இருக்குது." மீன்கார அக்கா, "எம்புள்ளைக்கும் அங்க அல்லாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க மாமி. கடலுக்குப் போனா வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல" என்றார். "கேக்குறேன், கண்டிப்பா கேக்குறேன்" என்றார் மாமி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"கெடைச்சுதா?" என்று என்னிடம் திரும்பினார்.

"கெடைச்சுது மாமி. பழசை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிட்டாங்க. பேரும் மாறிப்போச்சு."

மாமி தலையை ஆட்டிவிட்டு மீனைத் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் தெற்குப் பக்கம், சமதரையில் இருந்த ஓர் ஓட்டலை உறுதி செய்தேன். மேடு இல்லை, இரண்டாவது மாடி, அறையிலேயே உயரமான கழிப்பறை. மாமியின் முட்டிக்கு நான் உண்மையாகத்தான் பார்த்திருந்தேன். பொய் ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஜித்தா போய்ச் சேரும்வரை அந்த வாக்கியம் என் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்ந்து வருவதுபோல இருந்தது. மனத்தில் நிய்யத் வைத்து, புனிதப் பயணத்துக்கென்று உடுத்திக்கொண்ட பிறகு பேச்சில்கூடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் மாமியின் முகத்தைப் பார்க்காமல் விமான ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

சக்கர நாற்காலியில் வைத்து மாமியின் உம்ராவை முடித்தோம். கஅபாவைக் கண்டதும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வாய் ஓயாமல் முணுமுணுத்தது. என் பெயர், என் கணவர் பெயர், பட்டினச்சேரி மீன்கார அக்காவின் மகன் பெயர்வரை என் காதில் விழுந்தது. மாமாவின் பெயர் மட்டும் விழவில்லை.

அறைக்கு வந்ததும் மாமி படுக்கவில்லை. கட்டிலின் மூலையில் விரிப்பைத் தூக்கி மடிப்பைப் பார்த்தார். மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய ஒருவர் வந்தார். வங்காளதேசத்துக்காரர், நரைத்த தாடி, ஐம்பது வயதுக்குக் குறையாது. மாமி எழுந்து அவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் பதறி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாமி விடவில்லை. இரண்டு பேருமாக உதறினார்கள், இரண்டு பேருமாக மூலை மடித்தார்கள். மாமி மடித்த மூலையைப் பார்த்து அவர் சிரித்து, தன் பாஷையில் ஏதோ கேட்டார். "எங்க வீட்டுக்காரவங்களும் இந்த வேலைதான் பாத்தாங்க. நீங்க ஊருக்குப் போயி எவ்வளவு நாளாச்சு?" என்றார் மாமி தமிழில். அவருக்கு என்ன புரிந்ததோ, போனை எடுத்து ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். மாமி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"மாமி, ஒண்ணு சொல்லணும். இது மாமா இருந்த ஓட்டல் இல்ல. அது இப்ப இல்லவே இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

மாமி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படி மாமி?"

"நீ போன் பண்ணின மறுநாளே அந்தப் பட்டினத்துப் பெரியவங்க எனக்குப் பண்ணிட்டாங்க. 'தங்கச்சி, அந்தத் தெருவே இல்லையே'ன்னு துக்கம் கேக்குற மாதிரி பேசுனாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. வரலன்னு சொல்லியிருக்கலாம்."

"எனக்காக நீ வீடு வீடாப் போயி மேடு பள்ளம் விசாரிச்சிக்கிட்டு இருந்தே. பொய் வேற சொல்லிட்டு ரெண்டு நாளு சோறு தண்ணி எறங்காம கெடந்தே. வரலன்னு எப்படிச் சொல்றது?"

நான் அழுதேன். மாமி தைலக் கையோடு என் தலையைத் தொட வந்து, கையைப் பார்த்துவிட்டு முழங்கையால் என்னை இடித்தார். "சரி, எந்திரி. அது இருந்த எடம் எதுன்னு பெரியவங்க சொன்னாங்கள்ல. கூட்டிட்டுப் போ."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஹரத்தைச் சுற்றி வடக்கே போனேன். நேராகத் தெரிகிற இடம், சுற்றிப் போக அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. நோட்டில் எழுதியிருந்த அடையாளங்களை வைத்து ஓர் இடத்தில் நிறுத்தினேன். வெள்ளைக் கல் தரை, வெயில் தணிந்தும் கண் கூசியது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நிச்சயமில்லை. "இங்கதான் எங்கேயோ மாமி, சரியாச் சொல்லத் தெரியல" என்றேன். "இருக்கட்டும். இங்கேயே இருப்போம்" என்று நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அங்கேதான் அவர் பேசினார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத பேச்சு.

"அவங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. அவங்க வாழ்ந்த ஊரு பேரைச் சொல்லி யாருகிட்டயும் கோவப்பட முடியாது. மக்காவுல இருக்காரு, உனக்கென்ன கொறைன்னு கேப்பாங்க. புள்ள பொறந்தப்ப இல்ல, எங்க உம்மா மவுத்தானப்ப இல்ல. திரும்பி வந்தாங்க, நோயாளியா வந்தாங்க. படுத்துக் கெடக்குற மனுசன்கிட்ட எப்படிச் சண்ட போடுறது? அதான், என்னை விட்டுட்டு இத்தனை காலம் எங்க இருந்தாங்கன்னு ஒரு தடவ பாத்துடணும்னு நெனச்சேன். அந்தக் கட்டிலைப் பாத்து நாலு வார்த்தை கேக்கணும்னுதான் கெளம்புனேன்."

சுற்றிலும் பார்த்தார். ஒரு கிழவர் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கேக்குறதுக்கு ஒரு செவுருகூட இல்ல" என்றார். "அவங்க கூட்டிப் பெருக்குன எடத்துல ஜனங்க நெத்தியத் தரையில வச்சு சுஜூது செய்யுது. இங்க நின்னு நான் என்னத்தச் சண்ட போடுறது."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் எங்கிருந்தோ வந்த பெண்கள் எங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றார்கள். மாமி மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தொழுதார். முடிந்த பிறகும் ஏந்திய கையை இறக்கவில்லை. இந்தத் தடவை மாமாவின் பெயர் தெளிவாகக் கேட்டது. "எல்லாத்தையும் ஹலாலாக்கிட்டேன். என் பக்கம் ஒண்ணும் பாக்கி இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். மன்னித்துவிட்டேன் என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். பிறகுதான் அழுதார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, எந்த நாட்டுக்காரியோ, மாமியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, "அவனுக்குப் போன் போடு" என்றார். குவைத்தில் என் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப ஊருக்கு வருவே?"

"மார்ச்ல லீவு இருக்கு உம்மா."

"நான் லீவைக் கேக்கல."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "உங்க வாப்பாகிட்ட நான் ஒரு நாளும் இதக் கேட்டதில்ல" என்றார் மாமி. "கேட்டா சங்கடப்படுவாங்கன்னு கேக்கல. அது தப்பு. இருக்குறத வச்சுப் பொழைச்சுக்கலாம், வந்துடு. இந்தப் புள்ளையும் கேக்க மாட்டேங்குது." நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நானும் பதினான்கு வருஷமாகக் கேட்காமல்தான் இருந்தேன். காலண்டரில் லீவு நாள்களை எண்ணுவதே குடும்பம் நடத்துவது என்று பழகியிருந்தேன்.

அவர் உடனே வரவில்லை. தயங்கினார், சண்டை போட்டார், வந்தால் என்ன செய்வது என்று என்னையே கேட்டார். எட்டு மாதம் கழித்து மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். கோட்டுச்சேரியில் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்தார். மகன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிவருவதை மாமி ஒரு வருஷத்துக்கும் மேல் பார்த்தார். போன மழைக்காலத்தில், லுஹருக்கும் அஸருக்கும் நடுவில், மகன் பக்கத்தில் இருக்கும்போதே மவுத்தானார்.

இப்போது சாயங்காலமாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வாசலில் என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்கும். வாங்கிவரச் சொன்ன மிளகாய்த்தூளை மறந்துவிட்டு வந்து, கை கால் கழுவிவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்பார். அவர் குவைத்திலிருந்து லீவில் வந்த ஒவ்வொரு தடவையும் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. அன்று என்ன கிழமை, நான் எந்தச் சேலையில் இருந்தேன், மாமி என்ன சமைத்தார் என்று எல்லாம் சொல்வேன். கடை வைத்த பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பிய நாள்களில் ஒன்றைக்கூட எனக்குத் தனியாக நினைவில்லை.