காலி டப்பாவுக்கு ஒரு பாக்கெட்

என் பொண்ணோட சாப்பாட்டு டப்பா தெனம் காலியா வருதுன்னு ஆபீஸ் பூரா பெருமையடிச்சிகிட்டு திரிஞ்ச முட்டாள் நான். புள்ளைய எப்படி சாப்பிட வைக்கிறதுன்னு ரெண்டு பேருக்கு அட்வைஸ் வேற பண்ணேன்.

2007ல நாங்க கடலூர் முதுநகர்ல இருந்தோம். எனக்கு வேலை சிதம்பரத்துல, தெனம் பஸ்ஸு. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற அப்பன் வெறுங்கையோட வரக்கூடாது, அது எங்க பக்கம் எழுதாத சட்டம். புள்ளைங்க மொதல்ல கையத்தான் பாக்கும், மூஞ்சி அப்புறம்தான். அதனால சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிட்டுதான் பஸ் ஏறுவேன்.

பொண்ணு அப்ப ரெண்டாவது படிச்சா, ஸ்கூலுக்கு ஆட்டோல போய் வருவா. டப்பால கட்டிக் குடுத்த சோறு அப்படியே திரும்பி வரும். "பாக்கெட்ட நிறுத்துங்க, தானா பசிக்கும்"னு வீட்டுக்காரி சொன்னா. நான் அவளவிட அறிவாளி இல்லயா, அதனால ஒரு ஸ்கீம் போட்டேன். டப்பா காலியா வந்தா பாக்கெட், மிச்சம் இருந்தா கெடையாது.

மறுநாளே காலி. அதுவும் கழுவித் தொடச்சு பளபளன்னு. முருங்கக்கீர வச்சா கீர போச்சு, பாவக்கா வச்சா பாவக்காயும் போச்சு. ஏழு வயசுப் புள்ள பாவக்காய எப்படித் தின்னுதுன்னு ஒரு தடவகூட எனக்குத் தோணல. "பாத்தியா?"ன்னு வீட்டுக்காரிகிட்ட கால் மேல கால் போட்டு உக்காந்து கேட்டேன்.

ரெண்டு மாசம் இருக்கும். ஸ்கூல் பிரேயர்ல நின்னவ மயங்கி விழுந்துட்டான்னு போன். சிதம்பரத்துலேருந்து கடலூர் வந்து சேர்றதுக்குள்ள என் உசுரு என்கிட்ட இல்ல. டாக்டர் அவ கண்ணோட கீழ் இமைய எறக்கிப் பாத்தாரு, ரத்தம் எடுத்துப் பாத்தாரு.

"ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு. மத்தியானம் ஒழுங்கா சாப்புடுதா?"

"ஒரு பருக்க மிச்சம் வைக்காது சார்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

அவரு என்னய விட்டுட்டு அவளக் கேட்டாரு. "நேத்து மத்தியானம் என்ன சாப்ட்ட பாப்பா?"

"சிப்ஸ்."

"சோறு?"

"அது ஆட்டோ மாமாவுக்கு."

காலையில ஸ்கூல் வாசல்ல எறங்கும்போதே டப்பாவ ஆட்டோக்காரர் கையில குடுத்துட்டுப் போயிருக்கா. முந்தின நாள் நான் வாங்கிக் குடுத்த பாக்கெட்தான் மத்தியான சாப்பாடு. ரெண்டு மாசமா எம்புள்ள அதுலதான் ஓடியிருக்கு. வாங்கிக் குடுத்தது நான்.

ஆட்டோக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன். "நீங்கதான் எனக்குக் குடுத்து விடுறீங்கன்னு பாப்பா சொல்லிச்சே சார். கழுவிதான சார் குடுத்தேன்"னாரு. விஷயத்தச் சொன்னதும் அவரு மூஞ்சி செத்துப்போச்சு. "புள்ள சோத்தையா தின்னேன்"னு வண்டிக்குள்ளயே உக்காந்துட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சண்ட போடுறது.

பாக்கெட் அன்னியோட நின்னுச்சு. நாலு நாள் வீடு ரெண்டாச்சு. பொண்ணு கத்துனா, நான் பஸ் ஸ்டாண்டுல அந்தக் கடைப் பக்கம் திரும்பாம நடந்தேன். அஞ்சாவது நாள், அவிச்ச மல்லாட்ட, அதான் வேர்க்கடல, வாங்கிட்டு வந்து அவள உரிக்கச் சொன்னேன். உரிச்சுகிட்டே பாதியத் தின்னுட்டா. அப்புறம் ராத்திரிச் சோறு மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான். அவளுக்கு வச்ச கீர எனக்கும் வச்சா வீட்டுக்காரி. நான் ஒதுக்குறேனான்னு பொண்ணு பாத்துகிட்டே இருந்ததால முழுங்கித் தொலச்சேன். டப்பால ரெண்டு வாய் மிச்சம் வந்தா யாரும் ஒண்ணும் கேக்கல. கொஞ்ச கொஞ்சமா ரத்தம் ஏறுச்சு.

ஒருநாள் காலையில ஆட்டோக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டு, என் ஸ்கீம் பூராவும் சொன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல.

"நீங்க பாப்பாவ சாப்புடச் சொல்லலயே சார். டப்பாவக் காலி பண்ணத்தான சொல்லியிருக்கீங்க"ன்னாரு.