தானே போன நோய்

காலில் செருப்பு இருக்கிறதா என்பதைக் கோதண்டராமன் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பாதத்தைக் கேட்டால் பதில் வராது. செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வயது முப்பத்தெட்டு. வெள்ளைக்காரர் வந்தாலும் வேட்டிக்காரர் வந்தாலும், "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்பார். வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வாய், சும்மா இருக்குமா? வெயில் ஏறினால் கால் இன்னும் துவண்டுபோகும். அதனால் சித்திரை முழுக்கக் கழுத்தில் ஈரத்துண்டும் மூக்கின் மேல் கோபமுமாக இருப்பார்.

இரண்டாயிரத்தொன்றில் ஒருநாள், போளூர் தாண்டியதும் எதிரே வந்த லாரி அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற நோய். "நல்லா நடக்கறப்பவே ஊசிய ஆரம்பிச்சிடணும்" என்றும் சொன்னார். கோதண்டராமனோ மலை சுற்ற வேண்டிக்கொண்டார். பௌர்ணமிக்குச் சுற்றினார், பார்வை திரும்பிவிட்டது. "மலையானே பார்த்துக்கினாரு. ஊசி எதுக்கு?" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தானே வந்து தானே போவதுதான் அந்த நோயின் குணம் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. அடுத்த வருஷம் காலுக்கு வந்தது. பிறகு நாக்குக்கு. ஒவ்வொரு முறையும் போனது; போகும்போது கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. ஓடும் பஸ்ஸில் தள்ளாடியவரைக் குடிகாரன் என்றார்கள். மோரைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன்! பஸ் முதலாளி டிக்கெட் பையைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார். நான்காம் முறை விழுந்த பிறகுதான் ஊசி ஆரம்பித்தது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை, போனதும் திரும்பவில்லை. அதை நினைத்தால் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வரும்.

போன வெள்ளிக்கிழமை அக்கா மகள் மணிமொழி லாட்ஜுக்கு வந்தாள். பி.எட். படிக்கிறவள். பத்து நாள் மங்கியிருந்த இடது கண் தெளிந்திருந்தது. அவளுக்கும் டாக்டர் அதே நோயைத்தான் சொல்லி, உடனே ஊசி போடவேண்டும் என்றிருந்தார்.

"இப்ப நல்லாத் தெரியுது மாமா. பௌர்ணமிக்கு மலை சுத்திட்டா போதும்."

"சுத்து, யாரு வேணாம்னா? ஊசியும் போட்டுக்கினு சுத்து."

"அதான் தானா சரியாப் போச்சே, ஊசி எதுக்கு?"

ஏழு வருஷத்துக்கு முன் கோதண்டராமன் பஸ் முழுக்கப் பேசிய அதே பேச்சு. ஆட்கள் இருக்கும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. பிறர் 'ஐயோ பாவம்' என்பதைக் கேட்கப் பிடிக்காது. அன்று கூடம் நிறைய ஆட்கள். மேஜையில் கையூன்றி எழுந்து, அதைச் சுற்றி வெளியே வந்தார். இடது காலை இழுத்து வைத்தபோது முட்டி மடங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாங்கிப்பிடிக்க ஓடிவந்தாள் மணிமொழி.

"புடிக்காத. நல்லாப் பாரு" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே அடுத்த காலை இழுத்தார்.