என் பையைச் சுமந்த முதுகு

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. பயத்தால் அல்ல... வெட்கத்தால்.

ஐந்து நாள் மலையேற்றம். நாங்கள் எட்டுப் பேர். எங்கள் பைகளைச் சுமக்க எட்டுப் பேர். கூட ஒரு வழிகாட்டி. சுமப்பவர்கள் எங்களைத் தாண்டி விடுவிடுவென்று ஏறிப் போய்விடுவார்கள். என் பையைத் தூக்கியவரை நான் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நெற்றியில் மாட்டிய சுமைக்கயிறு, குனிந்த கழுத்து, பிடரியில் கிழிந்த நீல ஸ்வெட்டர். பெயர் கேட்கவில்லை. பை வந்து சேர்ந்தால் போதாதா?

கடைசி நாள் சாயங்காலம், அடிவார விடுதியில் வழிகாட்டி சொன்னார். "டிப்ஸை என்கிட்ட குடுக்காதீங்க. அவங்கவங்க ஆள் கையில நீங்களே குடுங்க. அதுதான் மரியாதை."

சாப்பாட்டு அறையில் சுமப்பவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கூட வந்தவர்கள் நேரே போய்க் கட்டிப்பிடித்தார்கள். நான் கவரை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். பிறகு பெரிய கெட்டிக்காரனைப் போல ஒரு யோசனை செய்தேன். எல்லாரும் கொடுத்து முடிக்கட்டும், மிச்சம் நிற்பவர்தானே என் ஆள்?

யாரும் மிச்சம் நிற்கவில்லை.

சரி, அவருக்கு வேண்டாம் போல என்று கவரைச் சட்டைப் பைக்குள் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரவு ஒன்பது இருபது. மாடிக்குப் போனேன். ஒரே ஒரு விளக்கு. என் அறைக் கதவருகே யாரோ சுவரைப் பார்த்து நின்றார்.

"யாருங்க?"

மூச்சு மட்டும்... ஹ்ஹ்... ஹ்ஹ்... ஏற்றத்தில் ஏறுகிறவரின் மூச்சு.

மெதுவாகக் குனிந்தார். இரண்டு கையும் நெற்றிக்குப் போயின... அங்கே இல்லாத கயிற்றைப் பிடித்தன.

பிடரியில் கிழிசல்.

"இப்ப... தெரியுதா சார்?"

கவரை நீட்டினேன். ஒரு கை பின்னால் நீண்டு வாங்கியது.

முகம் திரும்பவில்லை.

விளக்கு அணைந்து எரிந்தது...

யாரும் இல்லை.

காலையில் வழிகாட்டி தயங்கித் தயங்கி வந்தார். "உங்க ஆளோட கவரைக் குடுத்தீங்கன்னா, அவர் வீட்டம்மாகிட்ட சேர்த்துடறேன் சார்."

"நேத்தே அவர் கையில குடுத்துட்டேனே."

அவர் முகம் வெளுத்தது. "என்ன சார் சொல்றீங்க? நெஞ்சு வலின்னு ரெண்டாம் நாளே அவரைக் கீழ அனுப்பினோம். மறுநாள் போயிட்டார். அன்னைக்குச் சாயங்காலம் பேர் சொல்லி, ஒரு நிமிஷம் மௌனமா நின்னோமே. நீங்களும் நின்னீங்க."

நின்றேன். யாருக்காக என்று தெரியாமல்... டீ ஆறிப்போகிறதே என்று நினைத்துக்கொண்டு.

இருந்த பணத்தை எல்லாம் வழிகாட்டி கையில் திணித்தேன். "அப்ப அதுக்கப்புறம் என் பையை...?"

"மத்தவங்க மாத்தி மாத்தித் தூக்கறாங்கன்னு நினைச்சேன். இப்ப கேட்டா, யாரும் தொடவே இல்லைங்கறாங்க."

எனக்கு நாலாம் நாள் நினைவுக்கு வந்தது. அன்று பை வரத் தாமதம். இருட்டில் அதை இறக்கி வைத்த முதுகைப் பார்த்து, "குளிர்ல எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்.

"மன்னிச்சிருங்க சார். இன்னைக்கு... ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன்."