எரிந்த பங்களாவும் எரியாத சமையல்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை கேஜிஎஃப் தங்கவயலுக்குப் போனேன். என் தாய்மாமா மேல் விழுந்த பழி உண்மைதானா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மைசூர் மைன்ஸ் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றில் மாமா சமையல்காரராக இருந்தார். பல வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அது எரிந்தது. சுரங்க அதிகாரியின் வயதான அம்மா உள்ளேயே இறந்துபோனார். மாமா அடுப்பை அணைக்காமல் விட்டதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அடுப்பைத் தொட்டதும் இல்லை. இப்போது பங்காருப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார்.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை 9.40க்கு இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர். காத்திருப்போடு 250 ரூபாய். ஓட்டுநர் செல்வி அக்கா கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"பட்டப்பகல்லயே உள்ள மணி அடிக்குது சார். நா வர்ல. நீங்க போங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் அடங்கிவிட்டது.

கூரை இல்லை. ஹாலில் குளிர்காயும் கணப்பைச் சுற்றிச் சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. புகைபோக்கி மட்டும் முழுசாக நின்றது. காற்று அதில் இறங்கும்போது யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகிற மாதிரி சத்தம். ஒரு காக்கா குருவி இல்லை. பயந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது.

சமையல்கட்டைத் தேடினால் வீட்டுக்குள் காணோம். அந்தக் காலத்துப் பங்களாக்களில் அது தனிக் கட்டடம். பின்பக்கம் எண்ணி முப்பத்திரண்டு காலடி தள்ளி, வாசலை வீட்டைப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஓடு அப்படியே. கதவுச் சட்டத்தில் தீ பட்ட தடமே இல்லை. இங்கிருந்து எப்படித் தீ போயிருக்கும்? அடப்பாவிகளா, இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது வந்து பார்த்தீர்களா!

அப்போதுதான் தலைக்கு மேல் மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சமையல்காரரைக் கூப்பிட ஹாலிலிருந்து மணிக்கு இழுத்துக் கட்டிய கம்பி இன்னும் இருக்கிறது. அதில் படர்ந்த கொடியைக் காற்று ஆட்டுகிறது. அதிகாரியின் அம்மா ஹாலில் கம்பியை இழுத்தால் டீயோடுதான் போக வேண்டும், வெறுங்கையோடு போனால் திட்டு விழும் என்று மாமா முன்பு சொல்லியிருக்கிறார்.

மணிச் சத்தத்தோடு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் மாமா கூப்பிட்டார்.

"பாத்தீங்களா மாமா? தீ உங்க அடுப்புலேர்ந்து வரவே இல்ல!"

"அது எனக்குத் தெரியும்டா. அன்னிக்கும் அந்த மணி இப்டிதான் விடாம அடிச்சுது. இன்னா அவசரம் இந்தம்மாவுக்குன்னு நெனச்சிக்கினே டீக்குத் தண்ணி வெச்சேன்."

போகிறவர்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முள் அதிகம். தண்ணீர் கையோடு வேண்டும். பக்கத்தில் கடை கிடையாது. வீடியோ எடுத்தால், அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அனுப்பும் முன் சத்தத்தை எடுத்துவிடுங்கள்.