இரண்டில் மெலிந்த தகடு

சின்ன வயதிலிருந்தே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பயந்தால் சொட்டவே செய்யும். இப்படிப்பட்டவனை யுத்த காலத்தில் அவனியாபுரத்துக்கு அப்பால் இருந்த விமானத் திடலில் வயர்லெஸ் மெக்கானிக்காகச் சேர்த்தது எந்தப் புண்ணியவானோ தெரியாது.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை, டிரான்ஸ்மிட்டரில் இருந்த கிரிஸ்டல் விரிசல் விட்டுவிட்டது. தபால்தலை அளவு ஸ்படிகத் தகடு அது. நாங்கள் அனுப்பும் அலையை இம்மியும் நகராமல் பிடித்துவைப்பது அதுதான். மேகத்துக்குள் ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. இறங்க வழி கேட்ட விமானியின் குரல் எங்களுக்குக் கேட்டது. எங்கள் குரல்தான் அவருக்குப் போகாது.

பெட்டியில் தேய்க்காத தகடுகள் இரண்டே இருந்தன. தகடு மெலிய மெலிய அலைவரிசை எண் ஏறும். தடித்ததை எங்கள் எண்ணுக்குக் கொண்டுவர அரை நாள் தேய்க்க வேண்டும். மெலிந்ததற்கு முப்பது சுற்று போதும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் குப்பைதான். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவா முடியும்? மெலிந்ததையே எடுத்தேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று எவனும் சொல்லித் தந்ததில்லை. கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, எண்ணி எண்ணித் தேய்த்தேன். துடைத்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது. பொருத்தினேன். மீட்டர் முள் அசையவே இல்லை.

மேலே இரைச்சல் கேட்டது. விமானம் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"போச்சு மாப்ள, தப்பானத எடுத்துத் தொலைச்சுட்டேன்" என்றேன்.

என்னோடு வேலை பார்த்தவர் தெற்குவாசல்காரர், முன்பு கடிகாரக் கடை வைத்திருந்தவர். தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லு சரியாத்தேன் இருக்கு. ஒங் கையப் பாரு மாப்ள. அம்புட்டு வேர்வையும் இதுலதேன் அப்பிக் கெடக்கு. தள்ளு நீ."

ஸ்பிரிட்டில் கழுவி, இடுக்கியால் பிடித்து அவரே பொருத்தினார். முள் துள்ளி எழுந்தது. நாங்கள் பேசியதற்கு விமானி பதில் சொல்லும்வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

தரையிறங்கியதும் விமானி நேரே எங்கள் கொட்டகைக்கு வந்தார். நெட்டையான மனிதர், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவருக்கென்ன, பயமறியாத பிறவி என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தோல் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். நான் என் கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

அவர் கை என் கையைவிட நனைந்திருந்தது.