வெள்ளிக்கிழமை ஏறாத காசு

என் தங்கை வங்கிக் கணக்குத் திறந்தது எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான். வளவில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக இரண்டு கிழமை இருந்தது. அடையாள அட்டையைப் படம் பிடிக்கச் சொன்னது ஃபோன், பிடித்தாள். முகத்தை இடம் திருப்பு, வலம் திருப்பு, கண்ணை மூடித் திற என்றது, எல்லாம் செய்தாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி இது, பொண்ணு பாக்க வந்தவங்களும் இவ்வளவு பாக்கல்ல” என்றேன்.

“அவங்க வீடு கேட்டாங்க. இது ஒண்டும் கேக்கல்ல அக்கா” என்றாள்.

வீடு என்றால் பெண்ணுக்குக் கொடுக்கிற வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பேரில் ஒரு வீடு நிற்காமல் கலியாணப் பேச்சு நகராது. இருந்த ஒரு வீடு மூத்தவளான எனக்கு வந்துவிட்டது. அவளுக்கென்று அதே வளவில் அத்திவாரமும் இடுப்பளவு சுவரும் நின்றன. மிச்சச் சுவரைத் தேடித்தான் போனாள்.

நான் எருமைத் தயிர் விற்கிறவள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்ச வாசிப்பெல்லாம் சீனியும் பருப்பும் சுற்றி வந்த பேப்பர்த் துண்டுகளில். ஆனால் ஆட்கள் பேசுவதை ஆசையோடு கேட்பேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். தயிர்ச் சட்டிகளோடு அதில் ஏறிக் குருக்கள்மடத்துப் பக்கம் போய்வரும்போது, நல்லதாக ஒரு சொல் விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

‘இங்கே காசு போடலாம்’ என்று ஊர்க் கடையில் ஒட்டுத்தாள் ஒட்டிய கிழமை, பாதை ஓட்டுகிறவர் சொன்னார்: “இனி நம்மட கடைக்காரர் வங்கி மனேச்சர் கா. என்ன, இந்த மனேச்சர் சாரம் உடுத்திருப்பார். கேட்டா அரைக் கிலோ வெங்காயமும் நிறுப்பார்.”

கடைக்காரர் எனக்கு மச்சான் முறை. அவர் பெண்சாதி எனக்கு மச்சாள். கொக்கட்டிச்சோலை வங்கியில் துண்டு நிரப்பத் தெரியாமல் நிற்பதைவிட அவர்கள் கடைப் பலகையில் கை ஊன்றி நிற்பது எனக்குச் சுகம். வேலை இவ்வளவுதான்: நாங்கள் காசைக் கொடுத்து நம்பரைச் சொல்வோம். மச்சான் காசை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, தன் ஃபோனுக்குள் இருக்கும் தன்னுடைய காசில் அதே அளவை அந்தக் கணக்குக்கு அனுப்புவார். லாச்சிக்கு வரும், ஃபோனிலிருந்து போகும்.

என் பட்டியில் தங்கையின் எருமை ஒன்று நின்றது. அதன் தயிர்க் காசைக் கிழமைக்கு ஒருதரம் அவள் கணக்கில் போடுவேன். நான் கடையைவிட்டு இறங்குவதற்குள் என் ஃபோனில் அவள் குரல் வந்துவிடும். “ஏறிட்டு அக்கா.” கடல் தாண்டி இருக்கிறவள் பக்கத்து வேலிக்குள்ளிருந்து சொல்வதுபோல் இருக்கும். மச்சானும் கேட்டுச் சிரிப்பார். “உங்கட தங்கச்சி ஃபோனக் கையிலதான் ஒட்டி வச்சிரிக்கா போல.”

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு அவள் குரல் மாறியது. ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை என்பதை ஏழாவது மாதம்தான் சொன்னாள். ஒருநாள் அந்த வீட்டை விட்டு வெளியேறி, வேறு மூன்று பெண்களோடு ஒரு அறையில் ஒதுங்கினாள். கணக்கில் இருந்த காசும் அதற்குள் கரைந்திருந்தது. அங்குள்ள ஒரு அலுவலகத்தில் நாட்டைவிட்டுப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை வரைதான் செல்லும். சனிக்கிழமை விமானத்தில் ஒரு இடம் இருந்தது. கொழும்பில் ரிக்கட் போடுகிற ஒருவர் அந்த இடத்தை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி வரை பிடித்து வைத்திருந்தார். கணக்கில் காசு ஏறினால் அங்கிருந்தே அவள் அவருக்கு அனுப்பிவிடுவாள்.

“எருமைய வித்திடு அக்கா” என்றாள். “எட்டு மணிக்குள்ள ஏறினாக் காணும்.”

ஊரில் நான் யாருக்கும் சொல்லவில்லை. வேலை வீட்டை விட்டு ஓடிய பெண் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் அவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று பயந்தேன்.

எருமையை வாங்கக் காத்தான்குடி வியாபாரி, ஜும்மா தொழுகை முடித்து, வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குச் சின்ன லொறியோடு வந்தார். நல்ல மனிதர். எருமையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அக்கா, காச கையில தரவா, ஃபோனில போட்டு உடவா? தங்கச்சிட நம்பரச் சொன்னா இப்பவே போட்டுருவன்.”

அப்போது நம்பரைச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை.

“கயிறு கை மாறினாக் காசும் கையில வரவேணும் தம்பி, நாங்க அப்பிடித்தான்” என்றேன். அவர் சிரித்தார். “கயித்த ஃபோனுக்குள்ளால அனுப்பவும் ஒரு வழி வரும் அக்கா, இரிங்க” என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துத் தந்தார். நான் முந்தானையில் வாங்கி முடிந்தேன். எருமை லொறியில் ஏற மறுத்தது. கன்று கத்தியது. அவர்கள் போன பிறகு, மாடு வெளியேறிய பட்டியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தலை முழுகினேன். எல்லாம் செய்ய வேண்டிய வேலைகள் என்றுதான் செய்தேன். ஈரத் தலையோடு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளேயிருந்து சாம்பிராணி மணத்தது. மச்சாள் அப்போதுதான் சாமிப் படத்துக்கு முன் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

முந்தானையை அவிழ்த்துக் காசைப் பலகையில் வைத்தேன். தங்கச்சியின் கணக்குக்கு என்றேன். மச்சான் ஃபோனை எடுத்தார். மச்சாள் அவர் கையைப் பிடித்தாள்.

“வெள்ளிக்கிழம விளக்கு வச்சிட்டன். காச வாங்கி வைங்க. விடிய அனுப்புவம்.”

“லாச்சிக்குள்ள வந்தா லெச்சுமி, ஃபோனால போனா மூதேவியா?” என்றார் மச்சான்.

“வாறது வரட்டும். வீட்டுக் காசு வெளிய போகப்படா. மச்சாளுக்குத் தெரியும்தானே” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அண்டைக்கு உறை ஊத்த ஒரு கரண்டி மோர் கேட்டு வந்தன். விளக்கு வச்சாச்சு, விடிய வாங்க எண்டு என்னத் திருப்பி அனுப்பினவதானே.”

உண்மைதான். அதற்கு முந்திய மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபட்ட நேரம், வெறுஞ்சட்டியோடு வந்தவளைத் திருப்பி அனுப்பியிருந்தேன். விளக்கு வைத்த பிறகு மோர், உப்பு, காசு எதுவும் என் வீட்டிலிருந்தும் வெளியே போகாது. மச்சாளில் ஒரு பிழையும் இல்லை. அவள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அந்தக் கையைப் பிடித்திருப்பேன்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். “அவசரமெண்டாச் சொல்லுங்க கா. நான் பின்னால கிணத்தடிக்குப் போய் ஃபோன அமத்துறன். இவ கண்ண மூடிக்கொண்டிருக்கட்டும்.”

மச்சாளும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவசரம் என்றால் என்ன அவசரம் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டி வரும். ஒரு கரண்டி மோர் கொடுக்காதவள் எருமைக் காசை அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டி வரும். இன்னொன்றும் இருந்தது. பாதை புறப்பட்ட பிறகு கரையில் நின்று “பொறுங்க, பொறுங்க” என்று கத்தினால் ஓட்டுகிறவர் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டுதான் போவார். நான் பார்த்த உலகத்தில் எட்டு மணி என்பது அப்படித்தான் இருந்தது. கொழும்பில் உள்ளவரிடம் பொறுங்க என்றால் பொறுப்பார் என்று நினைத்தேன்.

“அவ்வளவு அவசரமில்ல மச்சான்” என்றேன். “விடியவே போடுங்க.”

வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டடியில் நின்றேன். தங்கையின் குரல் வந்தது. “ஏறல்ல அக்கா.” கொஞ்ச நேரத்தில் மறுபடியும். “இன்னும் ஏறல்ல அக்கா. கடையில நிக்கிறியா?” தங்கை தந்திருந்த நம்பரில் கொழும்புக்காரரைக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுங்க என்றேன். “நான் பிடிச்சு வச்சிருக்கிறதில்லம்மா” என்றார். “கணினிதான் வச்சிருக்கு. எட்டடிச்சா அது தானா விட்டிரும். அதோட கதைக்கேலாது.”

ஏழேகாலுக்கு வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு இறங்கினேன். கடை மூலை வரை போனேன். கடை, கதவுப் பலகைகள் போட்டு மூடியிருந்தது. உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ‘மச்சான்’ என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்காமல், வந்த வழியே கிறுகி வந்துவிட்டேன்.

“என்ன நடந்த அக்கா?” என்று அவள் கேட்டபோது, “கடையில நெட் இல்லையாம்” என்றேன்.

எட்டு மணிக்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

விடிந்ததும் மச்சான் கடை வாசலைக் கூட்டுவதற்கு முன்னமே அனுப்பிவிட்டார். சொன்ன சொல் பிசகாத மனிதர். என் ஃபோன் அடித்தது. “ஏறிட்டு அக்கா” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. அந்த விமானத்தில் இடம் போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்த ஒரே இடத்துக்கு எருமைக் காசு பாதிக்குக்கூடக் காணாது. திங்கட்கிழமை கடிதம் செல்லாக் கடிதமாகிவிட்டது. அந்தக் கிழமையே பொலிஸ் அறைக்கு வந்து அவளைப் பிடித்தது. அவள் வேலை செய்த பழைய வீட்டுக்காரன் வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போனான்.

இப்போது அவள் ஃபோன் அந்த வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். எருமைக் காசு தொடாமல் கணக்கில் கிடக்கிறது. இடுப்பளவு சுவரில் பாசி பிடித்துவிட்டது. தாயைத் தேடிய கன்று ஒரு மாதம்கூட உயிரோடு நிற்கவில்லை. கடைக்குப் போனால் மச்சாள், “தங்கச்சி எப்ப வாறா கா?” என்று அன்பாகக் கேட்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அந்த விளக்கை இனி ஒருநாளும் நிம்மதியாக வைக்கமாட்டாள் என்பதால் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

போன முறை தங்கை பேசியபோது கடைசி நிமிஷம் வந்துவிட்டது. நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“அழாத அக்கா” என்றாள். “நீ என்ன செய்வாய்? நீ காசோட போய்க் கடையில நிண்டாய்தானே. நெட் இல்லாததுக்கு நீ என்ன செய்யிற?”

“ஓம்” என்றேன்.