கடைசியாக வெளியேறுபவர்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். நான் கொச்சியிலேயே தேவராவில் எங்கள் கம்பெனி அலுவலகத்தில் இருந்தேன். தினமும் காலையில் வீடியோ மீட்டிங். நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியும் பின்னால் அடுக்கிய சாக்குகளுமாகத்தான் அவரைத் தெரியும். பேசி முடித்ததும் நாங்கள் அவசரமாக வெளியேறிவிடுவோம். கடைசி ஆள் போகும்வரை அவர் திரையில் இருப்பார். போனையும் அவராக முதலில் வைத்ததில்லை.

சரக்குப் பார்க்க ஒருமுறை கிடங்குக்குப் போனபோது, சாயா குடித்தபடி காரணம் கேட்டேன்.

"இங்க மூட்டை தூக்கிட்டிருந்தவன் ஒருத்தன், பள்ளுருத்திக்காரன். உடம்புக்கு முடியலன்னு போன்ல லீவு கேட்டான். சரின்னேன். 'பின்னே அண்ணே...'ன்னு இழுத்தான். எனக்கு லோடு ஏத்துற அவசரம், வச்சிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே போய்ச் சேர்ந்துட்டான் மோளே."

"என்ன சொல்ல வந்தாராம்?"

"அதைத்தான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

சில மாதம் கழித்து ஒரு காலை, மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு திரையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். அடுத்த மாதம் அந்தக் கிடங்கை மூடப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முறைப்படி அறிவிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் வெளியேறாமல் உட்கார்ந்திருந்ததைத் திரையில் அவர் கவனித்துவிட்டார். கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன மோளே, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஆனாலும் போகவில்லை. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை காத்திருந்தார்.